நடுக்கடலில் துறையூர் பஸ்

அண்ணி,

போன வாரம் அத்தைக்குச் சர்க்கரை பார்ப்பதற்காகப் பெரம்பலூர் போயிருந்தோம். ரத்தம் எடுக்கிற பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அத்தையின் கை மடிப்பில் தேய்த்தாள். ஊசி ஏறும்போது அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை. கண்ணை மூடி அந்த வாடையை மெதுவாக உள்ளே இழுத்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். வெளியே வந்து பஸ்ஸுக்காக நின்றபோதுகூட மழை வருமா வராதா என்றுதான் பேசினோம்.

அந்த வாடை உங்களுடையது. உங்களைப் பெற்றவருக்கு அது தெரிந்ததில் ஆச்சரியமில்லைதான். ஆனால் நீங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தவர். பிறகு எப்படித் தெரியும்? இந்த ஒரு கேள்வியில் தொடங்கி எல்லாமே எனக்கு மறுபடி ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நான் சந்தேகக்காரி. அதை மறைக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றியதில்லை. விக்கிரமங்கலத்தில் என் பிறந்த வீட்டில் மிளகாய்த்தூள் வாங்கினால், ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டு அடியில் செங்கல் பொடி தங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் டப்பாவில் கொட்டுவேன். உங்கள் தம்பி என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, கை கழுவுவதற்காக வாட்சைக் கழற்றினார். மணிக்கட்டில் வெயில் படாத வெளுப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. வாட்ச் இரவல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சம்மதம் சொன்னேன். அப்படிப்பட்டவளுக்குத் தம்பி கல்யாணத்துக்கே வராத ஒரு நாத்தனார் வாய்த்தால் என்ன நினைப்பேன்?

"அக்கா கடல்ல இருக்கு" என்றார் உங்கள் தம்பி. மழை பெய்தால்தான் ஏரியில் தண்ணீரைப் பார்க்க முடிகிற குன்னத்தில், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒருவர் அப்படிச் சொன்னால் நம்புவது கஷ்டம். யாருடனோ ஓடிப்போன பெண்ணை மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கல்யாணம் முடிந்து இரண்டாம் மாதம் நீங்கள் வந்தீர்கள். ஒல்லியாக, கழுத்து வரை வெட்டிய முடியோடு, வெயிலில் கறுத்துப்போய். உங்கள் துணிகளைத் துவைக்க எடுத்தேன். டீசல் வாடை அடித்தது. அது பரவாயில்லை. அடியில் ஒரு கனமான ஸ்வெட்டர் இருந்தது. நான் தையல்காரி, துணி எனக்குப் பொய் சொல்லாது. அக்குள் பக்கம் தேய்ந்து, முழங்கையில் நூல் விட்டு, நன்றாக உழைத்த ஸ்வெட்டர் அது. கொளுத்துகிற கடலில் எதற்கு ஸ்வெட்டர்? எந்த மலையில் யாரோடு இருந்தீர்கள்?

கேட்டேவிட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள், எடை போடுகிற பார்வை. பிறகு சொன்னீர்கள். கடலடிச் சேற்றை அள்ளி அதில் என்ன உயிர் இருக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சிக் கப்பலில் உங்களுக்கு வேலை. கப்பலுக்கு மேலேதான் வெயில். நீங்கள் எடுக்கிற சேறு வருகிற இடம் ஃப்ரிட்ஜுக்குள் இருப்பதுபோலச் சில்லென்று இருக்கும். மேலே வந்த பிறகும் அது சூடாகக் கூடாது. அதனால் குளிரறையில் உட்கார்ந்துதான் அதைச் சலிக்க வேண்டும். எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்று கேட்டேன். நம் வீட்டு வாசலில் கிளம்பி ஒரு மணி நேரம் நடந்தால் எவ்வளவு தூரம் போவோமோ, அவ்வளவு தூரம் செங்குத்தாகக் கீழே என்றீர்கள். அங்கே ஒரு விரல் நகத்தின் மேல் ஒரு காளை மாடு ஏறி நிற்கிற பாரம் எப்போதும் இருக்கும், நாலா பக்கத்திலிருந்தும், என்றீர்கள்.

நான் பாதியைக்கூட நம்பவில்லை. அது உங்களுக்கும் தெரிந்தது. உள்ளே போய் உங்கள் பையிலிருந்து ஒரு தெர்மகோல் டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தீர்கள். தையல் விரலுறை அளவுதான் இருந்தது. கருவியோடு கட்டிக் கீழே அனுப்பினால் அந்தப் பாரம் காற்றை எல்லாம் பிழிந்து இப்படி ஆக்கிவிடும் என்றீர்கள். நான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொம்மைக் கடையில வாங்கினதாங்க அண்ணி?" என்றேன்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக நீங்கள் சிரித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் காதுகுத்தில் மிஞ்சிய தெர்மகோல் டம்ளர் ஒன்று சமையலறையில் கிடந்தது. அதை எடுத்துவந்து, என் கையெழுத்திலேயே என் பெயரை எழுதச் சொன்னீர்கள். மலர் என்று எழுதினேன். யாரும் மாற்றிவிடக் கூடாது என்று அடியில் ஊசியால் ஒரு குறுக்குக் கோடும் போட்டேன். அடுத்த பயணம் முடிந்து நீங்கள் திரும்பியபோது அது விரலுறை அளவில் வந்தது. என் கையெழுத்து எறும்பு எழுதியதுபோல் சிறுத்திருந்தது. அடியில் அந்தக் குறுக்குக் கோடு.

அதற்குப் பிறகுதான் நான் கேட்க ஆரம்பித்தேன். நீங்களும் சொல்ல ஆரம்பித்தீர்கள். அறுவடை செய்த வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டே எத்தனை மத்தியானங்கள் பேசியிருப்போம். அங்கே சூரியன் என்று ஒன்று இருப்பதே தெரியாது என்பீர்கள். செடி கிடையாது, பாசி கிடையாது. மேலே செத்ததும் கழிந்ததும் பொடிப்பொடியாக, வாரக்கணக்கில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அடியில் இருப்பவை அதை அள்ளித் தின்று பிழைக்கின்றன. ஒரு திமிங்கலம் செத்து அடியில் விழுந்தால் அங்கே பல வருடத்துக்கு விருந்து. அவசரம் என்பதே அங்கே இல்லை. நடப்பது மெதுவாக, வளர்வது மெதுவாக. உருளைக்கிழங்கு மாதிரி கறுப்புக் கற்கள் தரை முழுக்கக் கிடக்கும், அந்தக் கல் ஒரு நெல்மணி அளவு பருக்க லட்சக்கணக்கான வருடம் ஆகும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னதுதான். அந்த இருட்டில் எங்கேயாவது சின்னதாக ஒரு வெளிச்சம் மினுக்கினால், அது பெரும்பாலும் யாரோ விரித்த வலை. வாய்க்கு முன்னால் விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மீன் காத்திருக்கும். நம்பிப் பக்கத்தில் போனது திரும்பாது. "அப்ப அந்த ஊர்ல என்னை மாதிரி ஆளுங்கதான் பொழைப்பாங்க" என்றேன். "நீ மகாராணியா இருப்ப" என்றீர்கள்.

அத்தைக்கு இதெல்லாம் எரிச்சல். நீங்கள் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு மாப்பிள்ளையின் போட்டோ காத்திருக்கும். ஒருமுறை கல்லங்குறிச்சி பெருமாளைச் சேவிக்கப் போகிறோம் என்று சொல்லி, அங்கே பிராகாரத்தில் ஒரு குடும்பத்தையே உட்காரவைத்திருந்தார். நீங்கள் பெருமாளைச் சேவித்துவிட்டு, அந்தக் குடும்பத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக பஸ் ஏறிவிட்டீர்கள். கடலில் வேலை இருக்கிற வரைக்கும் உங்களை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது உங்களுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

அப்புறம் அந்தத் தை மாதம் வந்தது. பொங்கலுக்கு வந்துவிட்டு, நீண்ட பயணம், வைகாசி ஆகும் என்று சொல்லிப் புறப்பட்டீர்கள். "போயிட்டு வரேன்" என்று சொல்லும்போது அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. அங்கேயே எனக்கு ஏதோ உறுத்தியது.

முன்பெல்லாம் கப்பலிலிருந்து எப்போதாவது ஒரு போன் வரும். பேசினால் சற்றுப் பொறுத்துத்தான் பதில் கேட்கும். இந்த முறை கப்பலில் வைஃபை வந்துவிட்டது என்று சொல்லி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டீர்கள். குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலத் தெளிவாக இருந்தது. முகத்தைக் காட்டச் சொன்னால் சிக்னல் போதாது என்பீர்கள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அத்தை பக்கத்தில் வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்திருந்தேன். நடுக்கடலில் இருக்கிறோம், சுற்றிலும் தண்ணீர், ஒரு காக்காய்கூடக் கிடையாது என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அப்போது உங்களுக்குப் பின்னால் ஒரு ஆள் தொண்டை கிழியக் கூப்பிட்டான்.

"துறையூர், துறையூர், துறையூர்."

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். நீங்கள் அவசரமாக, காற்று அதிகமாக இருக்கிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டீர்கள். அத்தை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்டமாதிரி தெரியவில்லை.

அன்றைக்கே உங்கள் பீரோவைத் திறந்தேன். மேல் தட்டில் ஸ்வெட்டர் மடித்தபடி இருந்தது.

உங்கள் தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆள் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். துறையூருக்கு அப்படிக் கூவி ஆள் ஏற்றுவது நம் பக்கத்தில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில்தான். மெஷினுக்கு பாபின் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பெரம்பலூர் பஸ் ஏறினேன். வழி நெடுக மனதுக்குள் ஒரு ஆளைக் கட்டிக்கொண்டே போனேன். கல்யாணம் ஆனவனாக இருப்பான், இல்லையென்றால் ஏன் மறைக்க வேண்டும்? அவனுக்கு மீசை வைத்தேன், மோட்டார் சைக்கிள் கொடுத்தேன். பெரம்பலூரில் இறங்கும்போது அவனை எனக்கு நேரில் பார்த்தால் அடையாளம் தெரியும் போலிருந்தது.

துறையூர் பஸ் நிற்கிற பக்கமாகச் சுற்றினேன். போனில் இன்னொரு சத்தமும் கேட்டிருந்தது, தகரத்தைத் தட்டுகிற சத்தம். ஒரு பட்டறைக்கு எதிரே நின்று அண்ணாந்து பார்த்தேன். மாடிக் கொடியில் ஒரு நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. கழுத்தில் நீலக் கரை வைத்துத் தைத்தது. தைத்தவள் நான்.

படியேறிக் கதவைத் தட்டினேன். நீங்கள் திறந்தீர்கள். கண்ணாடி தலைமேல் ஏறியிருந்தது. விரல்நுனியெல்லாம் ரோஸ் நிறம். ஸ்பிரிட் வாடை குப்பென்று அடித்தது. குடிக்கிறார்களோ என்று நினைத்தேன்.

"உள்ள யாரு இருக்கா?" என்றேன்.

நீங்கள் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டீர்கள். "நீயே பாத்துக்க."

பார்த்தேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். குளியலறையில் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்தும் பார்த்தேன். அங்கே வரிசையாகப் பாட்டில்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அடியில் கொஞ்சம் சேறு, மேலே ரோஸ் நிறத் தண்ணீர். ஜன்னலோரம் மேஜையில் ஒரு மைக்ராஸ்கோப், வெள்ளைத் தட்டுகள், ஒரு முள்வாங்கி. அவ்வளவுதான் குடித்தனம்.

நான் கட்டிலில் உட்கார்ந்த பிறகு சொன்னீர்கள். அதற்கு முந்தைய பயணத்தில் உங்களை அனுப்பியது ஒரு தனியார் கம்பெனி. அந்தக் கறுப்புக் கற்களில் உலோகம் இருக்கிறது, அதை அள்ள முடியுமா என்று பார்க்கிறவர்கள். அள்ளுவதற்கு முன்னால் அந்தத் தரையில் என்ன வாழ்கிறது என்று அறிக்கை கொடுக்க வேண்டும். கருவி இறங்கிச் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தது, சலித்தார்கள், அவசரமாக ஒரு முறை பார்த்தார்கள். குறிப்பிடும்படியான உயிர் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். இன்னொரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். நேரமில்லை என்றார்கள். நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அடுத்த பயணத்துக்கு ஆள் எடுத்தபோது உங்களை விட்டுவிட்டார்கள். பார்த்து முடித்த மிச்சச் சேற்றைக் கொட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

"கேட்டு வாங்குனீங்களா, கேக்காம எடுத்துட்டு வந்தீங்களா?"

"கேட்டுத்தான் மலரு."

நான் அப்போது நம்பவில்லை. பிறகு அந்த ஆபீஸ் ஆளே உங்களிடம் போனில் பேசுவதைக் கேட்ட பிறகுதான் நம்பினேன்.

ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. இருந்தும் நீங்களே சொன்னீர்கள். "வேலை போச்சுன்னு தெரிஞ்சா அடுத்த முகூர்த்தத்துல அம்மா கட்டிவச்சிரும். இத முடிச்சிட்டு வந்து என்ன வேணா கேட்டுக்கிறேன்." சென்னையில் வாடகைக்கு இருப்பது கஷ்டம். யாரும் தேடாத இடம் சொந்த ஊருக்குப் பக்கத்து டவுன்தான் என்று கணக்குப் போட்டிருந்தீர்கள். துறையூர் பஸ் அந்தக் கணக்கில் இல்லை.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னீர்கள். மண் துகள்தான் தெரிந்தது. ஒன்றுமில்லையே என்று எடுக்கப்போனேன். இன்னும் கொஞ்ச நேரம் பார் என்று தோளைப் பிடித்து அழுத்தினீர்கள். பாட்டிலில் இருப்பது கெடாமலிருக்க ஊற்றிய ஸ்பிரிட், அதில் கலந்திருக்கிற ரோஸ் சாயம் சதையில்தான் பிடிக்கும், மண்ணில் பிடிக்காது என்றீர்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். மண்ணுக்கு நடுவில் ரோஸ் நிறத்தில் ஒரு நூல் துண்டு. நூல் என்றால் எனக்குத் தெரியும். இது நூல் இல்லை. இரண்டு பக்கமும் வரிசையாக மெல்லிய மயிர் இருந்தது, தலை என்று சொல்லும்படி ஒன்று இருந்தது. கண் இல்லை. கண்ணுக்கு அங்கே வேலை இல்லையே.

அதன்பிறகு வாரத்தில் ஒரு நாள் எனக்குப் பெரம்பலூரில் பாபினோ பட்டனோ தேவைப்பட்டது. சாப்பாடு கட்டிக்கொண்டு வருவேன். நீங்கள் தட்டில் முள்வாங்கியோடு குனிந்திருப்பீர்கள், நான் தட்டுகளைக் கழுவிக் கவிழ்ப்பேன். நம் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதற்குக் காரணம் பாசம் என்று நான் சொல்லமாட்டேன். அப்போது அது பாசமில்லை. அவர்கள் எழுதியதை நீங்கள் நம்பவில்லை, நான் யார் எழுதியதையும் நம்புகிறவள் இல்லை. அந்த அறையில் இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் எனக்கு உங்கள் மேலேயே சந்தேகம் வந்தது. "அண்ணி, மேலேர்ந்து செத்ததெல்லாம் கீழ விழுதுன்னு சொன்னீங்க. இந்தப் புழுவும் அப்படி மேலேர்ந்து செத்து விழுந்ததா இருந்தா? சதைன்னாதான் சாயம் புடிக்குது. அங்கயே வாழ்ந்த சதைன்னு எப்படிச் சொல்றீங்க?"

நீங்கள் முள்வாங்கியைக் கீழே வைத்தீர்கள். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு என்றீர்கள். குரலே மாறியிருந்தது. படியிறங்கும்போது, இனிமேல் வராதே என்று போன் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அடுத்த முறை நான் வந்தபோது உங்கள் கண் உள்ளே போயிருந்தது. "நீ கேட்டதத்தான் அவங்களும் கேப்பாங்க. பாத்து முடிச்சத எல்லாம் மறுபடி முதல்லேர்ந்து பாக்குறேன்" என்றீர்கள்.

மாசி போய்ப் பங்குனியும் முடிந்தது. மாடி அறை அடுப்பு மாதிரி கொதித்தது. ஃபேன் போட்டால் தட்டில் இருப்பது பறந்துவிடும் என்று போடாமல் உட்கார்ந்திருந்தீர்கள். வீட்டுக்குப் போன் போட்டு, இங்கே கப்பலில் ஒரே குளிர் என்று அத்தையிடம் சொல்வீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் அத்தை என் சாப்பாட்டுக் கூடையில் என்ன இருக்கிறது என்று கேட்டதே இல்லை. "கடைத்தெருவுல அலையிற, பசிக்கும், கூடவே கட்டிக்க" என்று அவராகவே இன்னொரு டப்பாவை வைப்பார். ஒருமுறை எள்ளுருண்டை வைத்தார். எனக்கு எள்ளுருண்டை பிடிக்காது. யாருக்குப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

சித்திரையில் ஒரு நாள், உடனே வா என்று கூப்பிட்டீர்கள். வந்தேன். மைக்ராஸ்கோப்பைக் காட்டினீர்கள். சேற்றை ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒரு குழாய், வைக்கோல் துரும்பின் அளவுகூட இல்லாதது, பக்கவாட்டில் உடைந்திருந்தது. உள்ளே அந்த ரோஸ் நிறப் புழு. அதன் வயிற்றோடு ஒட்டி, ஊறவைத்த ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாக.

"முட்டை" என்றீர்கள். "செத்து வந்து விழுந்தது வூடு கட்டி முட்டை போடாது மலரு."

நான் மறுபடி மறுபடி பார்த்தேன். சந்தேகப்பட ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அன்றைக்கும் அத்தை வைத்திருந்த எள்ளுருண்டையை, பிடிக்காத நானும் சேர்ந்து, இரண்டு பேரும் தின்றோம்.

நீங்கள் படம் எடுத்து, எழுதி, கம்பெனிக்கும் அனுப்பினீர்கள், வெளிநாட்டில் இந்தப் புழுக்களையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பேராசிரியருக்கும் அனுப்பினீர்கள். கம்பெனி வாயே திறக்கவில்லை. பேராசிரியர் பதில் எழுதினார். இது இதுவரை யாரும் விவரித்த வகையாகத் தெரியவில்லை, இன்னும் மாதிரிகள் வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் கம்பெனிக்குக் குரல் வந்தது. அறிக்கையில் அந்த வரியை எடுத்துவிட்டு, மேலும் ஆராய வேண்டும் என்று போட்டார்கள். உங்களையும் திரும்பக் கூப்பிட்டார்கள். ஏன் இவ்வளவு இனிமையாகக் கூப்பிடுகிறார்கள், வாயை அடைக்கத்தானே என்று நான் கேட்டேன். அதையும் யோசித்துவிட்டேன், ஆனால் சேறு எடுக்கிற கப்பல் அவர்களிடம்தானே இருக்கிறது என்றீர்கள்.

வைகாசியில் நீங்கள் வீட்டுக்கு வந்து, பயணம் முடிந்தது என்று அத்தையிடம் சொன்னீர்கள். கறுக்கவே இல்லையே என்றார் அத்தை. உள்ளேயே வேலை என்றீர்கள். ஆடி முடிந்து நிஜமாகவே புறப்பட்டபோது ஸ்வெட்டரை நானே மடித்துப் பையில் வைத்தேன். இந்த முறை முகம் காட்டினால்தான் பேசுவேன் என்று சொல்லியிருந்தேன். கப்பலிலிருந்து கூப்பிட்டு நீங்கள் போனைத் திருப்பிக் காட்டினீர்கள். கருநீலமாகத் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். எந்தப் பக்கத்திலும் ஒரு கரை இல்லை. அத்தை ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். "இவ்வளவு தண்ணி இருந்தும் ஒரு வாய் குடிக்க முடியாதாமே" என்றார்.

திரும்பி வந்த கார்த்திகையில்தான் அந்தக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் அதை நம்பவில்லை. பெரம்பலூரில் சேர்த்தோம். அங்கிருந்து திருச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் நான் உங்கள் பக்கத்தில் இருந்தேன். "பாட்டில்ல ஸ்பிரிட்டு குறையாமப் பாத்துக்க" என்றீர்கள். சரிங்க அண்ணி என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை. என்னென்னவோ சோதனை செய்தார்கள், நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்கள். எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை.

கருமாதி முடிந்த சாயங்காலம், வந்தவர்களெல்லாம் போன பிறகு, அத்தையும் நானும் பாத்திரம் ஒதுங்கவைத்துக்கொண்டிருந்தோம். அத்தை ஒரு அண்டாவைக் கவிழ்த்துவிட்டு அதன் மேலேயே கையை ஊன்றி நின்றார்.

"பெரம்பலூர்ல அந்த மொட்ட வெயில்ல தனியாக் கெடந்தாளே, அப்பவே ஒடம்பு வீணாப் போயிருக்கும்" என்றார்.

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். "அத்தை, உங்களுக்கு எப்படி..."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "துறையூர் பஸ்ஸு கடல்லயா போவுது?"

அப்புறம்தான் அழுதார். அதுவரைக்கும் அழாதவர்.

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று நான் கேட்டேன். மறைந்துகொண்டு இருக்கிறவளைப் போய் வெளிச்சத்தில் இழுத்துப்போட்டால் என்ன மிஞ்சும் என்று மட்டும் சொன்னார். இப்போது அந்த ஸ்பிரிட் வாடையை அவர் கண்ணை மூடி இழுத்ததைப் பார்த்த பிறகு, போய்ப் பார்க்கவில்லை என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நீங்கள் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கிய ஏதாவது ஒரு நேரத்தில், பூட்டாத அந்த அறைக்குள் அவர் ஏறிப்போய் நின்றிருப்பார். கேட்டால் சொல்லமாட்டார். நானும் கேட்கப்போவதில்லை.

பெரம்பலூர் மாடி அறையில் அப்படியே இருந்த உங்கள் பாட்டில்களை எடுத்துப்போக மாசியில் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நல்ல சட்டை, நல்ல பேச்சு. உங்களைப் பற்றி நிறையப் புகழ்ந்தார்கள். அவ்வளவு புகழ்ந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த அறை வாசலில் நிற்கவைத்தே, முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டேன். சேறு என்றார் ஒருவர். மைக்ராஸ்கோப்பைத் துடைத்து வெளிச்சத்தில் வைத்து, பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க என்றேன். அவர்களில் இளையவர் கண்ணை வைத்தார். எடுக்கவே இல்லை. மற்றவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தார். வெளிநாட்டுப் பேராசிரியரிடம் நானே பேசி, முட்டையோடு இருந்த அந்தப் புழுவை அவருக்கு அனுப்பிவைத்தேன். மீதியைத்தான் கம்பெனிக்குக் கொடுத்தேன். புழுவுக்குப் பெயர் வைக்கும்போது சொல்கிறோம் என்றார்கள். இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. யார் பெயரை வைக்கப்போகிறார்களோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கோடையில் நம் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. நேற்று உங்கள் தம்பி எட்டிப் பார்த்தார். உச்சி வெயில். மேலே அவ்வளவு வெளிச்சம் இருந்தும் பாதிக் கிணற்றுக்குக் கீழே இருட்டுதான்.

"உள்ள ஒண்ணும் இல்ல" என்று நிமிர்ந்தார்.

"ஒண்ணும் தெரியலன்னு சொல்லுங்க" என்றேன். "இல்லன்னு சொல்லாதீங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இது யார் பேச்சு என்று அவருக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. மறுபடி குனிந்தார். நானும் பக்கத்தில் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கண் பழகட்டும் என்று இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

மலர்